பிறந்த குழந்தைக்கு அம்மாவின் நல்ல கிருமிகள் போய்ச் சேர என்ன செய்யலாம்?

பிரசவ வார்டில் 19 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். முக்கும்போது கொஞ்சம் மலம் வந்துவிட்டால் பெண்கள் கூசிப்போய், "சாரிக்கா" என்பார்கள். எதற்கும்மா சாரி? பிள்ளையின் குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களில் பல, அம்மாவின் குடலிலிருந்துதான் வருகின்றன. பிரிட்டனில் 596 குழந்தைகளின் மலத்தைச் சோதித்து 2019-இல் வெளியான ஆய்விலும் இதுதான் தெரிந்தது. அதனால் அந்த வெட்கத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

வலி வருவதற்கு முன்பே டாக்டரிடமும் மாமியாரிடமும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: குழந்தை நல்லபடியாக அழுதால், துடைத்த கையோடு உங்கள் வெறும் மார்பில் குப்புறப் போட வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு அடைபடாமல் இருக்கட்டும். முதுகின் மேல் உலர்ந்த துணி, தலைக்குத் தொப்பி. ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். எடை பார்ப்பதெல்லாம் அப்புறம்.

"குளிப்பாட்டித் தாங்க சிஸ்டர்" என்று கேட்காத பாட்டி இல்லை. 24 மணி நேரமாவது பொறுங்கள். உடம்பில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை, தோலுக்குக் காவல். தேய்த்து எடுக்காதீர்கள்.

பிறந்ததும் நாக்கில் இனிப்பு தொட்டு வைக்கும் சேனை வேண்டவே வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் வேண்டாத கிருமிகளைக் கொண்டுவரும். தேன் ஒரு வயது வரை ஆபத்து. முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுங்கள். தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அது பிள்ளைக்கான சாப்பாடு இல்லை, குடலில் இருக்கும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல கிருமிகளுக்கானது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

சிசேரியன் என்றால் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். நம் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் அப்படித்தான். இந்தக் குழந்தைகளுக்கு அம்மாவின் குடல் பாக்டீரியாக்கள் ஆரம்பத்தில் குறைவாகக் கிடைக்கும். மாதங்கள் போகப்போக அந்த வித்தியாசம் பெரிதும் குறைந்துவிடும். கத்தி வைப்பதற்கு முன் போடும் ஆன்டிபயாடிக்கை மறுக்காதீர்கள், அது உங்களுக்குச் சீழ் பிடிக்காமல் காக்கும். அம்மாவின் கிருமிகள் சேரட்டும் என்று, பிறப்புறுப்பில் வைத்த துணியால் குழந்தையின் முகத்தைத் துடைக்கலாமா எனச் சிலர் கேட்கிறார்கள். நீங்களாகச் செய்யவே கூடாது. ஹெர்பீஸ் போன்ற தொற்று பிள்ளைக்கு ஒட்டிவிடும்.

முதுகில் ஊசி போட்டுச் செய்த ஆபரேஷன் என்றால் நீங்கள் முழித்துத்தான் இருப்பீர்கள். தையலில் படாமல் குழந்தையை மார்பின் குறுக்கே போடச் சொல்லிக் கேளுங்கள். டிரிப்ஸ் ஏறும் கையை அசைக்க வேண்டாம், நாங்கள் பிடித்துக்கொள்வோம்.