வெயிட்டிங் லிஸ்ட் 9 என்றால் ஒன்பதாவது ஆள் என்று அர்த்தமில்லை

போன பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி, அங்கிருந்து திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 9. ஒன்பதுதானே, எப்படியும் கிடைத்துவிடும் என்று சாங்கி போகும்வரை தைரியமாக இருந்தேன். கிடைக்கவில்லை. அதே வண்டியில் சென்னையிலிருந்து வந்த நண்பருக்கு 40-க்கு மேல் இருந்தது, அவருக்குக் கன்ஃபர்ம்.

நான் பார்த்தது எண்ணை மட்டும். அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்த்திருக்க வேண்டும். ஜிஎன்டபிள்யூஎல் என்றால் பொதுவாக வண்டி புறப்படும் ஊரிலிருந்து ஏறுபவர்களின் வரிசை. இடங்கள் அதிகம், ரத்தாவதும் அதிகம், அதனால் வேகமாக நகரும். நடுவழி ஊர்களில் ஏறினால் பெரும்பாலும் பிகியூடபிள்யூஎல் அல்லது ஆர்எல்டபிள்யூஎல்தான் கிடைக்கும். அந்த ஒதுக்கீட்டில் இருப்பதே கொஞ்சம் படுக்கைகள். அவற்றில் யாராவது ரத்து செய்தால்தான் நமக்கு வழி. ஒவ்வொன்றும் தனி வரிசை. அங்கே 9 என்பது பெரிய எண்.

இதற்கு ஊர்க்காரர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. சென்னை எழும்பூரிலிருந்தே டிக்கெட் போட்டு, ஏறும் இடத்தை மட்டும் திருச்சி என்று குறிப்பது. கட்டணம் கூடுதல்தான், பண்டிகைக் காலத்தில் அது தகும். ஆனால் ஏறும் இடத்தை மாற்றாமல் விட்டால், ஆள் வரவில்லை என்று டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) படுக்கையை ஆர்ஏசிக்காரருக்கு, அதாவது முழுப் படுக்கை கிடைக்காமல் காத்திருப்பவருக்கு, கொடுத்துவிடலாம்.

ஆர்ஏசி என்று வந்தாலே பதறிப்போய் ரத்து செய்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அதை வைத்து வண்டியில் ஏறலாம். குறைந்தது உட்கார இடம் உண்டு.

அப்புறம், நம் ஆட்களுக்கே உரிய தவறு. விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே எடுத்துவிட்டு ரயிலை மறந்துவிடுவது. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பயண நாள் அந்தக் கணக்கில் சேராது. திறப்பது இந்தியாவில் காலை 8 மணிக்கு, நமக்கு அது 10.30. கடைசி நேர முன்பதிவான தட்கல் குளிர்சாதன வகுப்புக்கு நம் நேரம் 12.30, மற்றதற்கு 1.30. அதையும் பெரிதாக நம்ப முடியாது. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த ரயில்வே இணையக் கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். முன்பதிவு திறக்கும் நாளிலும் அப்படிப்பட்ட கணக்குகளுக்கே முதல் உரிமை. ஆதார் இல்லாத சிங்கப்பூர்க் குடிமகன் தட்கலை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது சரியில்லை.

செயலிகள் காட்டும் '80 சதவீதம் கிடைக்கும்' என்பதெல்லாம் பழைய கணக்கை வைத்துச் சொல்லும் ஊகம். முடிவு சார்ட்டில்தான், அதாவது வண்டி புறப்படும் முன் வரும் இறுதிப் பயணிகள் பட்டியலில். அதுவும் இப்போது முன்பைவிட முன்னதாகவே வருகிறது. நீங்கள் வானத்தில் இருக்கும்போதே வந்துவிடலாம். தகவல் டிக்கெட் போடும்போது கொடுத்த எண்ணுக்குத்தான் போகும். ஊர் சிம்மை இழுப்பறையில் போட்டுவிட்டு இங்கே காத்திருந்தால் ஒன்றும் வராது. டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

ரத்து விஷயம். இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் சார்ட்டுக்குப் பிறகும் எல்லாரும் வெயிட்டிங்கில் இருந்தால் அது தானாக ரத்தாகும். அதை வைத்து வண்டியில் ஏறக்கூடாது. ஒரே பிஎன்ஆரில் நாலு பேர் இருந்து, இரண்டு பேருக்கு மட்டும் கிடைத்தால் தானாக ரத்தாகாது, பணமும் தானாகத் திரும்பாது. இங்கேதான் பல குடும்பங்கள் பணத்தை விடுகின்றன. கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் வழக்கமாக ஒரு காசும் திரும்பாது.

திரும்பும் பணமும் யார் செலுத்தினாரோ அவர் கணக்குக்குத்தான் போகும். என் பொங்கல் டிக்கெட்டைப் போட்டது ஊரில் இருக்கும் மச்சான். கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.