மைக்ரோ டீச்சிங்: ரீ-டீச்ச மட்டும் விட்டுடாதீங்க

போன வாரம் பி.எட் முதல் வருஷ பிள்ளைங்களோட மைக்ரோ டீச்சிங்க, அதாவது கூட படிக்கறவங்களயே பசங்களா உக்கார வச்சு ஒரு திறன மட்டும் நடத்திப் பழகறத, பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு இருந்தேன், பாக்க பாக்க மனசு கேக்கல, நான் படிக்கறப்ப பண்ணின அதே தப்ப அச்சு அசலா பண்றாங்க. கை நடுங்கறது, போர்ட மறைச்சுட்டு நிக்கறது, எழுத்து கோணலா போறது, இதெல்லாம் நாலு தடவ நின்னா தானா சரியாயிடும், அத எழுத வரல. தானா சரியாகாத தப்பு சிலது இருக்கு.

ஆறு நிமிஷத்துல முழு பாடத்தையும் முடிக்கப் பாக்கறது

தமிழ்ல இதுக்கு நுண்ணிலைக் கற்பித்தல்னு பேர் இருக்கறதால சின்ன சைஸ் பாடம்னு நினைச்சுக்கறாங்க. சின்னதாக்கறது பாடத்த மட்டும் இல்ல, வகுப்பையும் நேரத்தையும் திறனையும் சேத்துத்தான். அஞ்சுலேந்து பத்து பேர், ஆறு நிமிஷம், ஒரே ஒரு திறன். செட் இண்டக்‌ஷன் (பாடத்த ஆரம்பிச்சு வைக்கற திறன்) எடுத்திருக்கீங்கன்னா பசங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஒண்ணுலேந்து பாடத்தோட வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டா போதும், அங்கயே நிறுத்திடுங்க. பாடம் பாதியில நின்னா நிக்கட்டும்.

எல்லா பதிலுக்கும் "வெரி குட்"

பதில்ல எந்தப் பகுதி சரின்னு சொல்லுங்க, அதுதான் ரீ-இன்ஃபோர்ஸ்மெண்ட், பசங்கள ஊக்கப்படுத்தற திறன்.

ரீ-டீச் பண்ணாம ரெக்கார்ட்ல மட்டும் எழுதறது

இத பாத்தாத்தான் எனக்கு இன்னிக்கும் கோவம் வருது.

நம்ம ஊர்ல என்.சி.இ.ஆர்.டி மாதிரிப்படி ஒரு சுத்துக்கு 36 நிமிஷம். டீச் 6, ஃபீட்பேக் 6, ரீ-பிளான் 12, ரீ-டீச் 6, ரீ-ஃபீட்பேக் 6. இதுல எதுக்கு அதிக நேரம் குடுத்திருக்காங்கன்னு பாருங்க, நடத்தறதுக்கு இல்ல, திரும்ப யோசிக்கறதுக்கு. 1963 வாக்குல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல டுவைட் ஆலன் குழு இத ஆரம்பிச்சப்பவே சாரம் இதுதான், நடத்து, என்ன நடந்ததுன்னு பாரு, மாத்தி எழுது, மறுபடி நடத்து. அந்த மறுபடிய எடுத்துட்டா மிச்சம் இருக்கறது ஆறு நிமிஷம் மேடையேறி இறங்கறது மட்டும்தான்.

ஆனா நடக்கறது என்ன, டீச் முடிஞ்சதும் "நல்லா பண்ணின, குரல மட்டும் கொஞ்சம் ஏத்து"ன்னு நாலு பேர் சொல்வாங்க, அடுத்த ஆள் எந்திரிச்சு வந்துடுவாங்க, ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து ரெக்கார்ட் நோட்டுல ரீ-டீச் பக்கத்த நிரப்புவாங்க, முதல் தடவைய விட கொஞ்சம் கூட மார்க் போட்டு, முன்னேற்றம் தெரியணும் இல்லையா. நானும் அப்படித்தான் நிரப்பினேன், எல்லா திறனுக்கும், ஒண்ணு விடாம.

அதுக்கு விலை என்னன்னு டீச்சிங் பிராக்டிஸ் போனப்பதான் தெரிஞ்சுது. எட்டாம் வகுப்பு, அறிவியல். "ஐஸ் கட்டி ஏன் தண்ணில மிதக்குது?"ன்னு கேட்டேன், வகுப்பே அமைதி, ஒரு மூச்சு விடறதுக்குள்ள நானே பதிலயும் சொல்லிட்டேன். அடுத்த கேள்விக்கும் அப்படியே. மூணு வாரம் இதே கதை, பசங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு அவங்க மேலதான் வருத்தப்பட்டுட்டு இருந்தேன். கடைசி நாள் ஒரு பொண்ணு வந்து, "மிஸ், நீங்களே சொல்லிடுவீங்கன்னு தெரியும், அதான் நாங்க சும்மா இருந்துடுவோம்"னு சாதாரணமா சொல்லிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு குத்தமா சொல்லல. எனக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்கல.

பிராபிங் கொஸ்டினிங்குக்கு, அதாவது தோண்டித் தோண்டிக் கேள்வி கேக்கற திறனுக்கு, நான் ஒரு தடவ உண்மையா ரீ-டீச் பண்ணியிருந்தா இது காலேஜ்லயே பிடிபட்டிருக்கும். தெரியலன்னு ஒரு பையன் சொன்னா பதில சொல்லாம ஒரு படி இறங்கணும், "ஒரே டம்ளர் அளவு ஐஸும் தண்ணியும் எடுத்தா எது கனமா இருக்கும்?"னு கேக்கணும், பதில் வந்தா "எதனால?"ன்னு தோண்டணும், அதையே இன்னொருத்தர்கிட்ட திருப்பி விடணும். இது படிச்சு வராது, முதல் தடவ சொதப்பி, எங்க சொதப்பினோம்னு பாத்து, ரெண்டாவது தடவ வேற மாதிரி கேட்டாத்தான் வரும். டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு விநாடிதான் காத்திருக்காங்கன்னும், மூணு விநாடி காத்திருந்தா பதில் நீளமாகி நல்லாவும் வருதுன்னும் அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ 1970கள்லயே காட்டிட்டாங்க. அந்த மூணு விநாடி அமைதிய தாங்கறதுக்கே பழகணும்.

நேரம் இல்லன்னு சொல்வாங்க, அது நிஜம்தான். பத்து பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஒரு திறன முடிக்க 360 நிமிஷம், அதாவது ஆறு மணி நேரம். அதுக்கு வழி ரீ-டீச்ச வெட்டறது இல்ல. ஆறு ஆறு பேரா பிரிஞ்சு பக்கத்து பக்கத்து ரூம்ல ஒரே நேரத்துல நடத்துங்க, ஒரு குரூப்புக்கு 216 நிமிஷம், ரெண்டு மதியத்துல முடிஞ்சுடும். ரீ-டீச்சுக்கு மட்டும் குரூப்ப மாத்திக்கோங்க, ஏற்கனவே பதில் கேட்டவங்க முன்னாடி அதே கேள்விய கேட்டா நீங்க மாறினீங்களான்னு தெரியாது. அப்பவும் நேரம் பத்தலன்னா திறன்கள குறைங்க, ரெண்டு திறன முழு சுத்தும் பண்ணினவங்க ஆறு திறன பாதி பாதியா பண்ணினவங்கள விட நல்லா நடத்தறத நான் வருஷா வருஷம் பாக்கறேன்.

ஃபீட்பேக்கும் எண்ணிக்கையா இருக்கட்டும். "நல்லா இருந்துச்சு" வேண்டாம், "11 கேள்வி கேட்ட, 8 கேள்விக்கு நீயே பதில் சொன்ன"ன்னு ஒரு தோழி எழுதிக் குடுத்தா ரீ-பிளானோட அந்த 12 நிமிஷத்துல எத மாத்தணும்னு கேக்கவே வேண்டாம்.

வீடியோ எடுத்துட்டு பாக்காம இருக்கறது

பாருங்க. ஒரு தடவ சத்தத்த அணைச்சுட்டு பாருங்க.

கூட படிக்கறவங்க ரொம்ப நல்ல பிள்ளைங்களா நடிக்கறது

தோழிய காப்பாத்தணும்னு எல்லாரும் சரியான பதிலயே சொல்றாங்க, பாசம்தான், ஆனா அதுல அந்தத் தோழிக்குத்தான் நஷ்டம். ஏழாம் வகுப்புப் பையன் நிஜமா என்ன தப்பா சொல்வானோ அத சொல்லுங்க. "ஐஸ்ல காத்து இருக்கு மிஸ், அதான் மிதக்குது"ன்னு ஒருத்தி சொன்னா போதும், முன்னாடி நிக்கறவ அந்த இடத்துலதான் யோசிக்க ஆரம்பிப்பா.

லிங்க் பிராக்டிஸ்

தனித்தனியா பழகின திறன்கள சேத்து ஒரே பாடமா நடத்திப் பாக்கற நாள் இது, அன்னிக்கு லீவு போடாதீங்க.