கண் முகாம் நடத்தும் சங்கங்களுக்கு: மாலை வண்டி நிறைய என்ன செய்யணும்?

முகாமுக்கு 300 பேர் வந்தார்கள் என்று சங்க அறிக்கையில் எழுதுவது சுலபம். கண்புரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்களில் எத்தனை பேர் அன்று மாலையே ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினார்கள் என்பதுதான் உண்மையான கணக்கு. முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் ஆபரேஷன் நடப்பதில்லை, ஆஸ்பத்திரியில்தான். "அடுத்த வாரம் வர்றேன்" என்று வீட்டுக்குப் போகிறவர் பெரும்பாலும் வருவதில்லை. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த வண்டியை மனதில் வைத்துத்தான்.

(லயன்ஸ் சங்கங்கள் கண் சேவையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர். 1925-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பார்வையற்றோருக்காகப் பாடுபடும்படி கேட்டுக்கொண்டார். ரோட்டரிக்காரர்களும் இதே முகாமை இதே முறையில் நடத்தலாம்.)

தேதியும் இடமும்

இரண்டு மாதம் முன்பே கண் ஆஸ்பத்திரியிடம் தேதி வாங்குங்கள். டாக்டர், கருவி, சொட்டு மருந்து, லென்ஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம், விளம்பரம், சாப்பாடு, ஆள்பலம் உங்கள் பொறுப்பு. அரசு சார்ந்த மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியதை யார் செய்வது என்று அப்போதே பேசி முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நல்லது. முகூர்த்த நாள், அறுவடை, ஊர்த் திருவிழா மூன்றையும் தவிர்க்கவும்.

கல்யாண மண்டபத்தைவிடப் பள்ளிக்கூடமே மேல். தனித்தனி அறைகள் கிடைக்கும், எல்லாம் தரைத்தளத்திலேயே இருக்கும். பார்வைப் பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவே 6 மீட்டர் வேண்டும். டேப் வைத்து அளந்து, தரையில் சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள். அறை சின்னதாக இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து 3 மீட்டரில் பார்க்கலாம், அதை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் அறையை இருட்டாக்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முந்தின நாள் குழாயைத் திறந்தே பாருங்கள். கண்மணி விரிய மருந்து விட்டபின் அரை மணி, முக்கால் மணி உட்கார வேண்டிய வயதானவர்கள் இவர்கள்.

விளம்பரம்

பேனருக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். பார்வை மங்கியவருக்குத்தானே முகாம்? முகாமுக்கு முந்தின இரண்டு நாளும் ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு அனுப்புங்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி மூன்றிலும் நேரில் போய்ச் சொல்லுங்கள். நோட்டீஸ் மருமகளும் பேரனும் படிப்பதற்கு.

மைக்கில் கட்டாயம் சொல்ல வேண்டியவை: காலையில் சாப்பிட்டுவிட்டு வரணும். பிரஷர், சுகர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, மிச்ச மாத்திரையையும் கையில் கொண்டுவரணும். ஆதார், ரேஷன் கார்டு நகல், வீட்டார் போன் நம்பர் வேணும். ஆபரேஷன் என்றால் அன்றைக்கே கிளம்பணும், அதனால் இரண்டு செட் மாற்றுத்துணியும் எடுத்து வரணும்.

வண்டி எங்கே காலியாகிறது

பலர் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "டெஸ்ட்" என்றாலே வெறும் வயிற்றில் போகணும் என்று நினைத்து, மாத்திரை போடாமல் வந்து வெயிலில் வரிசையில் நிற்பார்கள். பிரஷர் எகிறும், அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பந்தலில் நாற்காலி போட்டு டோக்கன் கொடுங்கள், வரிசையே வேண்டாம். பிரஷர் பார்க்கும் மேசைக்கு முன்னால் கால் மணி நேரமாவது உட்கார வையுங்கள்.

அடுத்தது வீட்டு அனுமதி. "மகனைக் கேட்கணும்", "மாட்டை யார் பார்ப்பா", "செலவு எவ்வளவு ஆகுமோ". இதற்கெல்லாம் டாக்டர் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கடைசிப் பரிசோதனை அறை வாசலிலேயே ஒரு மேசை, இரண்டு உறுப்பினர்கள், ஒரு போன். அங்கேயே மகனைக் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், எதெல்லாம் இலவசம், திரும்ப எங்கே கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லிவிடுங்கள். போன முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நோட்டீஸே தேவையில்லை. ஆபரேஷனுக்குத் தேர்வானவரை "வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துட்டு வர்றேன்" என்று விடாதீர்கள். துணியைப் பேரன் கொண்டுவரட்டும்.

சாப்பாடும் பட்டியலும்

வருகிறவர்களில் ஐந்தில் ஒருவர் தேர்வாவார் என்று வைத்துத் திட்டமிடலாம், வட்டாரத்தைப் பொறுத்து இது மாறும். கலந்த சாதம் என்றால் 100 பேருக்கு 10 கிலோ அரிசி. சர்க்கரை போடாத டீக்குத் தனி கேன், அதில் பெரிதாக எழுதியிருக்கணும். பெயர், வயது, ஊர், போன், எந்தக் கண் என்ற பட்டியல் மூன்று பிரதி: ஆஸ்பத்திரிக்கு ஒன்று, வண்டியில் போகும் உறுப்பினருக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று. இதற்கு லேப்டாப்பைவிட கார்பன் தாள் வைத்த நோட்டு நம்பகமானது.

பின்சேர்க்கை

தொடக்க விழா பற்றிப் பலர் கேட்டதால் இது. குத்துவிளக்கு ஏற்றும்வரை பரிசோதனையை நிறுத்தி வைக்காதீர்கள். 8 மணிக்குப் பதிவு தொடங்கட்டும், பிரமுகர் 10.30-க்கு வரட்டும். மேடையை பார்வைப் பலகை அறையிலிருந்து தள்ளிப் போடுங்கள். மைக் அலறினால் உள்ளே யார் எந்த எழுத்தைச் சொல்கிறார் என்றே கேட்காது.

இன்னொன்று: கண்ணில் சொட்டு மருந்து விட்டவர் தேர்வாகாமல் வீடு திரும்பினாலும் சில மணி நேரம் பார்வை மங்கலாகத்தான் இருக்கும். டூவீலரில் வந்தவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்தவர்களுக்கு ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை உண்டு. தேதி சீட்டில்தான் இருக்கும், சீட்டு பரணில் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். இடையில் வலி, சிவப்பு, பார்வை குறைவது என்று யாராவது சொன்னால் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.