'டியூ' என்றால் தவணை மட்டும்தானா?

'டியூ' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கடன் தவணைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால், கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'டெபெரே' என்ற லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல்லுக்கு, 'உரியது', 'சேர வேண்டியது' என்பதே அடிப்படைப் பொருள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற பயன்பாடுகள் எளிதாகப் பிடிபடும்.

'தி டிரெயின் இஸ் டியூ அட் சிக்ஸ்' என்றால், ரயில் ஆறு மணிக்கு வர வேண்டும் என்று பொருள். வந்தே தீரும் என்ற உறுதி அதில் இல்லை. 'டியூ டேட்' என்பது கட்டண ரசீதில் பணம் செலுத்த வேண்டிய நாளையும், கர்ப்பிணியைப் பற்றிய பேச்சில் குழந்தை பிறக்கும் என எதிர்பார்க்கப்படும் நாளையும் குறிக்கும்.

அலுவலகக் கடிதங்களில் வரும் 'இன் டியூ கோர்ஸ்' என்பதை 'விரைவில்' என்று புரிந்துகொண்டு காத்திருப்பவர்கள் உண்டு. 'உரிய காலத்தில்' என்பதே அதன் பொருள் என்பதால், அவசரமான வேலையென்றால் குறிப்பான ஒரு தேதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மிகுதியாகப் பிழை நேர்வது 'டியூ டு' என்பதில்தான். 'காரணமாக' என்று பொருள்படும் இதன்பின் பெயர்ச்சொல் வர வேண்டுமே தவிர முழு வாக்கியம் வரக் கூடாது. 'டியூ டு ரெயின்' என்பது சரி. 'டியூ டு இட் வாஸ் ரெயினிங்' என்பது தவறு, அங்கே 'பிகாஸ்' என்றே எழுத வேண்டும்.