ஹார்ட்டன் டெக்னிக்: எங்கே தொடங்குவது, எதற்கு அவசரப்படக் கூடாது

மாடர்ன் டான்ஸ் கற்க வருகிறவர்கள் பலர் முதலில் ஆசைப்படுவது ஒரே ஒரு நிலைக்குத்தான். ஒற்றைக் காலில் நின்று, உடம்பை அப்படியே பக்கவாட்டில் சாய்த்து, மறுகாலைத் தரைக்கு இணையாக நீட்டி, கைகளையும் தலையைத் தாண்டி நீட்டுவது. இதன் பெயர் லேட்டரல் டி; லேட்டரல் என்றால் பக்கவாட்டு, டி என்பது ஆங்கில T எழுத்து. லெஸ்டர் ஹார்ட்டன் உருவாக்கிய பயிற்சி முறைக்கு இதுவே முகவரி மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பதிவில் அது ஐந்தாவது படியாகத்தான் வரும். முதல் நான்கையும் பொறுமையாகச் செய்தால் அது தானாக வரும். செய்யாமல் போனால் இடுப்பும் கீழ்முதுகும்தான் விலை கொடுக்கும்.

ஹார்ட்டனைப் பற்றிச் சுருக்கமாக. 1906இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். நியூயார்க்கில்தான் மாடர்ன் டான்ஸ் என்றிருந்த காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் குழு அமைத்து வேலை செய்தார். கறுப்பர், வெள்ளையர், ஆசிய வம்சாவளியினர் என எல்லாரையும் ஒரே மேடையில் ஆடவிட்டார். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரண விஷயமல்ல. பெல்லா லெவிட்ஸ்கி, கார்மென் டி லாவலாட், ஜேம்ஸ் ட்ரூயிட், ஆல்வின் ஆயிலி எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள். 1953இல், 47 வயதில் இறந்தார். ஆயிலி 1958இல் நியூயார்க்கில் தன் குழுவைத் தொடங்கினார். அவர் பெயரில் அங்கே நடக்கும் பள்ளியில் இன்றும் ஹார்ட்டன் முக்கியப் பாடம். 1960இல் அவர் அமைத்த ‘ரெவலேஷன்ஸ்’ நடனத்தைப் பார்த்தால் இந்தப் பயிற்சியின் நீண்ட கோடுகள் அதில் நிறையத் தெரியும்.

பாலே வகுப்பு கம்பியைப் பிடித்துத் தொடங்கும். ஹார்ட்டனில் பெரும்பாலும் கம்பி கிடையாது; முதல் நிமிடத்திலிருந்தே அறையின் நடுவில், உங்கள் கால்களை மட்டும் நம்பி நிற்க வேண்டும். ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் அப்படியே செய்ய வேண்டும். மெதுவாகச் செய்ததை இரட்டை வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டை வேகத்தில் செய்ய வேண்டும். கடுமை என்பது இதுதான். ஆனால் உடம்பைக் கெடுக்கும் கடுமையல்ல. பலவீனமான இடங்களைத் தேடிப் பிடித்து வலுவாக்குவதுதான் இதன் நோக்கம்.

தொடங்கும் முன்

வெறுங்காலோடு செய்யுங்கள். காலுறை வழுக்கும். மரத்தரை கிடைத்தால் நல்லது. டைல்ஸ், சிமெண்ட் தரையிலும் இந்தப் பதிவில் உள்ளவற்றைச் செய்யலாம்; அந்தத் தரையில் குதிக்க மட்டும் வேண்டாம். யோகா மேட் மண்டியிடும் பயிற்சிக்கு மட்டும் போதும். அதன்மேல் நின்றால் பாதம் அமுங்கி நிலை தடுமாறும்.

உடம்பை ஒட்டிய உடை போடுங்கள். தொளதொள சட்டைக்குள் முதுகு என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. கைப்பேசியை உங்களுக்குப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். கண்ணாடியைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பிய உடனேயே கழுத்து கோணிவிடும். பத்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வாருங்கள்.

முழங்கால், இடுப்பு, முதுகில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் தொடங்க வேண்டாம்.

படி 1: நிற்பது

இடுப்பு அகலத்துக்குக் கால்களை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதமும் ஒன்றுக்கொன்று இணையாக, நேராக முன்னால் பார்க்க வேண்டும். முழங்கால் சில்லு இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கட்டும். எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் சமமாக இருக்க வேண்டும். முழங்காலைப் பின்பக்கம் தள்ளிப் பூட்டாதீர்கள்.

பரதநாட்டியம் பயின்றவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அரைமண்டி உங்களுக்குக் கொடுத்திருக்கும் தொடை வலுவும், எண்ணிக்கை பிசகாத காதும் ஹார்ட்டனில் பெரிய சொத்து. ஆனால் உங்கள் பாதங்கள் கேட்காமலேயே வெளிப்பக்கம் திரும்பிவிடும். தரையில் இரண்டு இணைகோடுகளாக டேப் ஒட்டி, அதன்மேல் நின்று பழகுங்கள்.

இப்போது தலையிலிருந்து தொடங்கி, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக மடக்கிக்கொண்டு எட்டு எண்ணிக்கையில் கீழே போங்கள். கைகள் தொங்கட்டும். எட்டு எண்ணிக்கையில் அதே வழியில் மேலே வாருங்கள். தலை கடைசியாக நிமிரட்டும். நான்கு முறை போதும்.

படி 2: ஃப்ளாட் பேக்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஹார்ட்டன் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

முதல் படியில் முதுகு மடங்கியது. இங்கே மடங்கவே கூடாது. கதவு கீலில் திரும்புகிற மாதிரி, இடுப்பு மூட்டில் மட்டும் மடிந்து, உச்சந்தலையிலிருந்து வால் எலும்பு வரை ஒரே பலகையாக முன்னால் சாய வேண்டும். முதுகு தரைக்கு இணையாக வந்ததும் நிற்க வேண்டும். பார்வை நேராகத் தரையில்.

முதுகு நேராக இருக்கிறதா என்று உங்களுக்கு உள்ளிருந்து தெரியாது. தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு துடைப்பக் கட்டையையோ நீளமான குச்சியையோ முதுகோடு சேர்த்து, ஒரு கையால் கழுத்துப் பக்கமும் மறு கையால் இடுப்புப் பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். குச்சி மூன்று இடங்களில் தொட வேண்டும்: பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவில், வால் எலும்புக்குச் சற்று மேலே. மெதுவாகச் சாயுங்கள். எந்த இடம் குச்சியை விட்டு விலகுகிறதோ அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது. தலை விலகினால் கழுத்து தொங்குகிறது. வால் எலும்புப் பக்கம் விலகினால் முதுகு கூன் போடுகிறது. இடுப்புக்கு மேலே, குச்சிக்கும் முதுகுக்கும் நடுவில் கை முழுசாக நுழைகிற அளவு இடைவெளி வந்தால் வயிறு தளர்ந்து கீழ்முதுகு குழிந்துவிட்டது என்று பொருள்.

பலருக்குத் தொடையின் பின்தசை இறுக்கமாக இருக்கும். பாதி வழியிலேயே முதுகு வளையத் தொடங்கும். வளைவதற்கு ஒரு விரல்கடை முன்னால் நில்லுங்கள். இன்றைக்கு உங்கள் ஃப்ளாட் பேக் அவ்வளவுதான். நேரான முதுகோடு பாதி வழி போவதே சரியான பயிற்சி. கூன் முதுகோடு முழுசாகக் கீழே போவது பயிற்சியே இல்லை. இன்னொன்று, சாயும்போது இடுப்பு பின்னால் ஓடி எடை முழுவதும் குதிகாலுக்குப் போய்விடும். இடுப்பு கணுக்காலுக்கு நேர் மேலேயே இருக்க வேண்டும்.

எண்ணிக்கை இப்படி: நான்கில் கீழே, நான்கில் மேலே, இதை நான்கு முறை. அப்புறம் இரண்டில் கீழே, இரண்டில் மேலே, நான்கு முறை. கடைசியாக ஒன்றில் கீழே, ஒன்றில் மேலே. வேகம் கூடும்போது உடம்பு விழுந்து எழப் பார்க்கும். விடாதீர்கள், வயிற்றுத் தசைதான் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். ஒற்றை எண்ணிக்கையில் முதுகு வளைந்தால் இரண்டுக்குத் திரும்புங்கள்.

முதலில் கைகள் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். சில வாரம் கழித்து, கைகளைக் காதோரம் மேலே நீட்டியபடி செய்யுங்கள். பாரம் எவ்வளவு கூடுகிறது என்று அன்றைக்குத் தெரியும்.

படி 3: ப்ரிமிடிவ் ஸ்குவாட்

முதல் படியில் நின்ற அதே நிலையில், கால்களைச் சற்று அகட்டி, குதிகாலைத் தூக்காமல், முதுகை முடிந்தவரை நிமிர்த்தி, நான்கு எண்ணிக்கையில் குந்தி உட்காருங்கள். நான்கில் எழுங்கள். அடிக்கடி குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது எளிதாக வரும். நாற்காலியிலேயே வளர்ந்தவர்களுக்குக் கணுக்கால் விடாது. அவர்கள் குதிகால் தரையில் நிற்கும் உயரம் வரை மட்டும் போகட்டும். முழங்கால்கள் உள்பக்கம் விழுவதுதான் இங்கே பெரிய தப்பு.

படி 4: லேட்டரல்

சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். தோள்பட்டையும் பிட்டமும் சுவரைத் தொடட்டும். கைகளைக் காதோரம் மேலே நீட்டுங்கள். இப்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி, உடம்பை வலப்பக்கம் சாயுங்கள். இரண்டு தோளும் கடைசிவரை சுவரை விட்டு வரக் கூடாது. ஒரு தோள் முன்னால் வந்தால் நீங்கள் சாயவில்லை, திரும்பிவிட்டீர்கள்.

கவனம் வைக்க வேண்டியது கீழ்ப்பக்கத்து விலாவில். பக்கவாட்டில் சாய் என்றதும் நாம் அந்தப் பக்கத்து இடையை மடித்துவிடுகிறோம். ஹார்ட்டனில் இரண்டு பக்கமும் நீளமாகவே இருக்க வேண்டும். வலது கையின் விரல்களை யாரோ தூரத்திலிருந்து இழுப்பதாக நினைத்துக்கொண்டு சாய்ந்தால் இது சட்டென்று பிடிபடும். சாய்வு குறையும், நீளம் கூடும். அதுதான் வேண்டும்.

படி 5: லேட்டரல் டி

சரி, இப்போது வந்துவிட்டோம். முதலில் சுவரின் உதவியோடு செய்யலாம்.

சுவரைப் பார்த்து நின்று, கைகளை நீட்டிய ஃப்ளாட் பேக் போடுங்கள். விரல் நுனி சுவரைத் தொடும் தூரத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு டேப் ஒட்டுங்கள். நிமிர்ந்து, அதே இடத்தில் உங்கள் இடப்பக்கம் சுவரைப் பார்க்குமாறு திரும்பி நில்லுங்கள். கைகளை மேலே நீட்டி, இடது காலில் எடையை வைத்து, உடம்பை இடப்பக்கம் சாயுங்கள். அதே நேரத்தில் வலது கால் பக்கவாட்டில் உயரட்டும். முழுசாகச் சாயும்போது கைகள் இடுப்பு உயரத்தில் சுவரைத் தொடும்.

இங்கே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கால் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுதான் உடம்பும் சாய வேண்டும். விரல் நுனியிலிருந்து பாதம் வரை ஒரே கோடு. கால் முழங்கால் உயரம்தான் வருகிறதா? உடம்பும் கொஞ்சமாகவே சாயட்டும். கை சுவரை எட்டாவிட்டால் சுவரை நோக்கி நகர்ந்துகொள்ளுங்கள். படத்தில் பார்த்த உயரத்துக்காக இடுப்பைத் திருப்பிக் காலைத் தூக்கினால் முழங்கால் கூரையைப் பார்க்கும், கோடு உடைந்துவிடும். தூக்கிய காலின் முழங்கால் முன்னால்தான் பார்க்க வேண்டும்.

நான்கு எண்ணிக்கையில் சாய்ந்து, நான்கு நின்று, நான்கில் திரும்புங்கள். மறுபக்கமும் செய்யுங்கள். ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் வரும். மோசமான பக்கத்துக்கு ஒரு முறை கூடுதலாகக் கொடுங்கள். எட்டு எண்ணிக்கை ஆடாமல் நிற்க முடிந்த பிறகு ஒவ்வொரு கையாகச் சுவரிலிருந்து எடுக்கலாம்.

படி 6: மண்டியிட்ட ஹிஞ்ச்

யோகா மேட் மேல் மண்டியிட்டு, முழங்காலிலிருந்து உச்சந்தலை வரை நேராக வைத்துக்கொண்டு, உடம்பை ஒரு கையகலம் மட்டும் பின்னால் சாயுங்கள். பிட்டத்தை இறுக்கி இடுப்பை முன்னால் வைத்திருந்தால்தான் கோடு நிற்கும். தொடையின் முன்பக்கம் எரியும், அது சரி. முழங்காலுக்குள் குத்தினால் உடனே நிறுத்துங்கள். நின்றபடி செய்யும் ஹிஞ்ச் மேடையில் மிக அழகாக இருக்கும், ஆனால் அதை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் முயல வேண்டாம்.

எவ்வளவு, எப்போது

வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், முக்கால் மணி நேரம் போதும். முதல் இரண்டு வாரம் முதல் மூன்று படிகளோடு நில்லுங்கள். அப்புறம் லேட்டரல். லேட்டரல் டியும் ஹிஞ்சும் அதற்குப் பின்தான். தாளத்துக்குப் பாட்டு வேண்டாம். ஹார்ட்டன் வகுப்புகளில் டிரம் வாசிப்பார்கள். வீட்டில் மெட்ரோனோம் (சீராகத் தட்டித் தாளம் காட்டும்) செயலி போதும், அல்லது வாயால் எண்ணுங்கள். வாய்விட்டு எண்ணுகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை.

ஃபோர்ட்டிஃபிகேஷன்ஸ் என்று, உடம்பை வலுவாக்கும் எண்ணிட்ட 17 பயிற்சிகள் இந்த முறையில் உண்டு. இணையத்தில் வீடியோக்கள் கிடைக்கும், பார்த்து ரசியுங்கள். செய்வதற்கு ஆசிரியர் வேண்டும். ஒரு வகுப்பில் சேருமுன் ஒரு நாள் உட்கார்ந்து கவனியுங்கள். ஆசிரியர் எல்லாரையும் முன்னாலிருந்தே பார்க்கிறாரா, அல்லது பக்கவாட்டில் வந்து நின்று ஒவ்வொருவர் முதுகையும் பார்க்கிறாரா? புதியவர் பாதி வழியில் நின்றால் இன்னும் கீழே போ என்று அழுத்துகிறாரா, அங்கேயே நேராக்கு என்கிறாரா? இரண்டாவது வகை ஆசிரியர் என்றால் கட்டணத்தைக் கட்டிச் சேர்ந்துவிடுங்கள்.