கல்லுதானே, என்ன ஆகப்போகுது? கனிமத் தொகுப்புகளைக் கெடுக்கும் தவறுகள்

நான் படித்த கல்லூரியில் நிலவியல் துறைக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருந்தது. மூன்றாம் ஆண்டில் அதை ஒழுங்குபடுத்தும் வேலை எங்கள் நாலைந்து பேரிடம் வந்தது. பல வருஷமாகத் திறக்காத ஒரு இழுப்பறையை இழுத்தோம். குப்பென்று கந்தக நெடி. தங்கம் போல மின்ன வேண்டிய பைரைட் கட்டிகள் சாம்பல் பூத்து, பொரிந்து, உதிர்ந்து கிடந்தன. அட்டைப் பெட்டிகளின் அடிப்பாகம் தீய்ந்ததுபோல ஓட்டையாகியிருந்தது. கல்லின் பெயரும் ஊரும் எழுதிக் கூட வைத்திருந்த சீட்டுகள் தொட்டதும் தூளாகிவிட்டன. "கல்லுதானே, என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டோம் தம்பி" என்று ஆய்வக உதவியாளர் அண்ணன் வருத்தத்தோடு சொன்னார்.

அதன்பிறகு சில தொகுப்புகளை ஒழுங்குபடுத்தப் போயிருக்கிறேன். எங்கே போனாலும் சேதத்துக்குப் பின்னால் இந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. கல் மாறாது என்று நம்புகிறோம். கல் மாறும். காற்று, ஈரம், வெளிச்சம், கைச்சூடு, அலமாரியின் மரம் எல்லாமே அதை மாற்றும். அதைவிட வேகமாக அழிவது கல்லோடு இருக்கும் காகிதம். அதனால் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சீட்டைத் தொலைப்பது

அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஒருவரிடம் ஒரு கல்லைக் கொடுத்தால், "இது என்ன?" என்பதைவிட "எங்கிருந்து?" என்றுதான் முதலில் கேட்பார். என்ன கனிமம் என்பதை எக்ஸ் கதிர் வைத்து எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். எந்தக் குவாரியில், எந்த ஆழத்தில், எந்தப் பாறைக்குள் இருந்தது என்பதைக் கல் தானாகச் சொல்லாது. கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கம் அது. எந்தக் குழி, எத்தனையாவது மட்டம் என்று எழுதிய சீட்டோடு அங்கிருந்து வந்த ஒரு குவார்ட்ஸ் துண்டு இருந்தால், அதற்கு மாற்று இனி கிடைக்காது. சீட்டு போனால் அதே துண்டு ஆற்றங்கரையில் கிடக்கும் வெள்ளைக் கல்லுக்குச் சமம்.

ஊர்ப்பெயரை மேலோட்டமாக எழுதுவதும் கிட்டத்தட்ட தொலைப்பதுபோலத்தான். தக்காணத்து எரிமலைப் பாறைகளில் கிடைக்கும் சியோலைட் என்ற அழகான படிகக் கனிமங்கள் உலகத்தின் எல்லாப் பெரிய அருங்காட்சியகங்களிலும் உண்டு. ஆனால் பல பழைய சீட்டுகளில் "பூனா" (இன்றைய புனே) என்று மட்டும்தான் இருக்கும். நாசிக்கிலோ ஜல்கானிலோ எடுத்த கல்கூட வியாபாரி கைக்கு வரும்போது பூனாவாகிவிடும். பூனாவே என்றாலும் எந்தக் குவாரி? பாஷான் மலையின் பச்சை அப்போஃபிலைட்டும் வாகோலி குவாரியின் நீலக் கவன்சைட்டும் ஒரே இடத்துக் கற்கள் இல்லை.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நம் குருந்தம் என்ற சொல்தான் ஆங்கிலத்தில் கொரண்டம் ஆனது. மாணிக்கமும் நீலமும் அந்தக் கனிமத்தின் வகைகள்தான். சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் இந்தியாவிலிருந்து போன குருந்தக் கற்களை ஆராய்ந்து 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்தபின், 1810-இல், அவருடைய தொகுப்பை நாடாளுமன்றம் ஒதுக்கிய 13,727 பவுண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. அந்தக் காலத்துக் கல் ஒன்றின் சீட்டில் "கர்நாட்டிக்" என்று மட்டும் இருந்தால் இன்றைய ஆய்வாளர் என்ன செய்வார்? ஆற்காட்டு நவாபின் சீமை முழுக்கத் தேட வேண்டும். இன்று "தமிழ்நாடு" என்று மட்டும் எழுதி வைக்கும் நாமும் அதே தவறைத்தான் செய்கிறோம். ஊர், வட்டம், குவாரியின் பெயர், முடிந்தால் அட்சரேகை தீர்க்கரேகை, எடுத்தவர், எடுத்த நாள் எல்லாம் வேண்டும்.

தெரியாத ஊரை ஊகித்து நிரப்புவது இதைவிட மோசம். வெற்றுச் சீட்டு யாரையும் ஏமாற்றாது. பொய்ச் சீட்டு ஏமாற்றும். பிரிட்டனில் ஆர்தர் கிங்ஸ்பரி என்பவர் அந்த நாட்டின் பல இடங்களில் அரிய கனிமங்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்துப் பெயர் வாங்கினார். 1968-இல் அவர் இறந்தபின் அவருடைய தொகுப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. 1990-களில் அதை மறுபடி ஆராய்ந்தவர்கள், பல கற்கள் சீட்டில் சொன்ன இடத்திலிருந்து வந்திருக்கவே முடியாது என்று காட்டினார்கள். சில வெளிநாட்டுக் கற்கள். பிரிட்டனின் கனிமப் பட்டியலைத் திருத்த வேண்டியதாயிற்று. அவர் நேர்மையாகச் சேகரித்தவையும் அதில் இருக்கும். ஆனால் எவை என்று இப்போது எப்படிப் பிரிப்பது? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அதனால் பழைய சீட்டு எவ்வளவு கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். அதில் உள்ள கனிமப் பெயர் தப்பாக இருந்தாலும் எறியாதீர்கள். புதுச் சீட்டு எழுதி, பழையதையும் கூடவே பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். ஒரு கல் எத்தனை கை மாறியது என்பதற்கு அந்தக் கையெழுத்துகள்தான் சாட்சி.

சீட்டில் எண் இருக்கிறதே என்று கல்லில் எழுதாமல் விடுவதும் கூடாது. ஒரு தட்டு கவிழ்ந்தால் போதும், எந்தக் கல் எந்தச் சீட்டு என்று தெரியாமல் போய்விடும். கண்ணில் படாத ஓரத்தில், படிக முகத்தைத் தவிர்த்து, பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு சின்னப் பூச்சு பூசுங்கள். காய்ந்தபின் அதன்மேல் கறுப்பு மையால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோனால் எடுத்துவிடலாம். ஸ்டிக்கர் நம் ஊர் வெக்கையில் சில வருஷத்தில் உரிந்து விழும். பசை போட்டு ஒட்டிய காகிதத்தைப் பூச்சி தின்னும்.

எல்லாக் கல்லுக்கும் ஒரே காற்று

மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் விடுவதைப் பார்க்காத வீடு இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புப் படிகம் கரையத் தொடங்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் அது சாதாரண நாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஹாலைட் என்ற இயற்கை உப்பின் அழகான கனசதுரம் ஒரு வருஷத்தில் முனை மழுங்கிவிடும்.

எங்கள் இழுப்பறையில் நடந்தது அதைவிடக் கொடியது. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரமான காற்றில் அது ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருகிறார்களே, அதுவும் ஓர் இரும்பு சல்பேட்தான். அமிலம் பெட்டியையும் சீட்டையும் தின்றுவிட்டு, பக்கத்துக் கல்லுக்கும் போகும். முன்பு இதைக் கிருமி நோய் என்று நம்பிக் கிருமிநாசினி பூசினார்கள். பலன் இல்லை, ஏனென்றால் காரணம் ஈரம். அந்தக் கிருமிகள் வாழ அருங்காட்சியகத்தில் இருப்பதைவிட மிக அதிக ஈரம் வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது வினை வேகமெடுக்கும். கெடத் தொடங்கிய கல்லைத் தண்ணீரில் கழுவுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல. உலர்ந்த தூரிகையால் தூளை எடுத்து, மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் 30 சதவீத ஈரப்பதத்தில் வைக்க வேண்டும். ஆக்ஸிஜனை உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத உறையில் வைப்பது இன்னும் நல்ல வழி. இந்தக் கல்லின் பழைய சீட்டை மட்டும் அதே பெட்டிக்குள் போடாதீர்கள்.

சரி, அப்படியானால் எல்லா இழுப்பறையிலும் சிலிக்கா ஜெல் போட்டுவிடலாமா? பைரைட்டில் சூடு பட்டவர்கள் அடுத்துச் செய்யும் தவறு அதுதான். சில கனிமங்களுக்குள் தண்ணீர் ஓர் அங்கமாகவே இருக்கிறது. மயில்துத்தம் என்ற துருசின் இயற்கைப் படிகம் மிகவும் உலர்ந்த காற்றில் நீரை இழந்து, அந்த மயில்கழுத்து நீலம் போய் வெளுத்துவிடும். வெங்காரத்தின் கண்ணாடி போன்ற படிகம் சுண்ணாம்பு போல வெள்ளையாகும். லோமான்டைட் என்ற தக்காணத்து சியோலைட் கையில் எடுத்தாலே பொடியாக உதிரும் நிலைக்கு வரும். ஓப்பல் விரிசல் விடும். இவற்றை நன்றாக மூடும் சின்னப் பெட்டிகளில், சீரான ஈரத்தில் வைக்க வேண்டும். கெடாமல் இருக்கட்டும் என்று வார்னிஷ் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வார்னிஷ் மஞ்சளாகும், பிறகு அதை எடுக்கவும் முடியாது.

பெட்டிக்கான மரத்தையும் கவனியுங்கள். ஓக் போன்ற மரங்களும், பசை போட்டு அழுத்திய பலகைகளும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை விட்டுக்கொண்டே இருக்கும். இயற்கை ஈயமும் கார்பனேட் கனிமங்களும் அதில் அரித்துப்போகும். பூச்சு நன்றாகக் காய்ந்த இரும்பு அலமாரிதான் நல்லது.

வெளிச்சமும் கையும்

மனோசிலை என்று சித்த மருத்துவத்தில் சொல்லும் ரியல்கார், ரத்தச் சிவப்புப் படிகம். அதை ஜன்னலோரம் வைத்தால் சில மாதங்களில் மஞ்சள் தூளாகிவிடும். அந்த மஞ்சளை அரிதாரம் என்ற இன்னொரு ஆர்சனிக் கனிமம் என்றே நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். 1980-இல்தான் அது தனிக் கனிமம் என்று விவரித்து, பாராரியல்கார் என்று பெயர் வைத்தார்கள். மறுபடி இருட்டில் வைத்தாலும் சிவப்பு திரும்பாது. புரூஸ்டைட் என்ற சிவப்பு வெள்ளிக் கனிமமும் இலிங்கம் என்ற சின்னபார் கனிமமும் கறுக்கும். குன்சைட் என்ற இளஞ்சிவப்புக் கல்லும் பழுப்பு புஷ்பராகத்தில் சில வகைகளும் நிறம் வெளிறும். மிக அழகான கல்லை மிகப் பிரகாசமான விளக்கின் கீழ் வைக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இந்தக் கற்களுக்கு அந்த ஆசை ஆகாது. இழுப்பறை இருட்டுதான் இவற்றின் வீடு. பார்வையாளர் வரும்போது திறந்து காட்டலாம்.

கந்தகப் படிகத்தை வெறும் கையில் எடுத்துக் காதருகே பிடித்தால் சில நேரம் சின்னதாக நொறுங்கும் சத்தம் கேட்கும். வெப்பத்தைக் கடத்தாத பொருள் என்பதால் உள்ளங்கைச் சூட்டிலேயே அதில் விரிசல் விழும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் எந்தக் கல்லையும் அலட்சியமாக எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் சுத்தம் செய்வது. மாணவர்கள் ஆர்வத்தில் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். உப்பு கரையும். அமிலம் பட்டால் கால்சைட் கரையும். ஊசிப் படிகம் கொண்ட சியோலைட்டை டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அவ்வளவுதான். அல்ட்ராசோனிக் தொட்டியில் ஃபுளூரைட் பிளந்துபோகும். தூசி தட்ட மென்மையான தூரிகையும் பொறுமையும் போதும். அதற்குமேல் எதையும் அந்தக் கனிமம் எதில் கரையும் என்று படித்துவிட்டுச் செய்யுங்கள்.

நம் உடம்புக்கு வரும் ஆபத்தையும் மறக்கக்கூடாது. மனோசிலையிலும் அரிதாரத்திலும் ஆர்சனிக் உண்டு, இலிங்கத்தில் பாதரசம் உண்டு. தொட்டபின் கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள். நாராக உரியும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மாதிரிகளை மூடிய கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கக்கூடாது. யுரேனியக் கனிமங்கள் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை விடும். மூடிய இழுப்பறையில் அது சேர்ந்துகொண்டே போகும், எனவே காற்றோட்டமான, யாரும் நாள் முழுக்க உட்காராத அறை வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. ஒரு புட்டி மணல்தானே என்று மேசைமேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அழகானதை மட்டும் சேர்ப்பது

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே மெட்ராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடுதான். அவை அழகுக்காகச் சேர்த்தவை அல்ல. இந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிவதற்காகச் சேர்த்தவை. இன்று பல தொகுப்புகள் பளபளக்கும் படிகங்களைத் தேடிப் போகின்றன. அறிவியலுக்கு மிக முக்கியமான கல் பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஒரு புதுக் கனிமத்தை அறிவிக்கும்போது, ஆராய்ந்த அதே மாதிரியை ஒரு பொது அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். சில நேரம் அது குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. வாகோலியின் நீலக் கவன்சைட்டுக்காக உலகமே பணம் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கனிமத்தை வரையறுத்த மாதிரி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துடையது, 1973-இல் விவரிக்கப்பட்டது. அசிங்கமான கல் என்று எதையாவது கழிக்கும் முன் பதிவேட்டை இரண்டு முறை பாருங்கள்.

யாராவது நன்கொடை கொடுத்தால் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொள்வதும் தவறுதான். "எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு வருவதை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கடைசியாக, பதிவேடு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தை உருவாக்கத் தன் சொத்தை விட்டுப்போன ஜேம்ஸ் ஸ்மித்சனே ஒரு கனிமவியலாளர்தான். அவர் சேகரித்த கற்களும் அவருடைய காகிதங்களும் 1865-இல் அந்த நிறுவனக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் ஒன்றாக எரிந்துபோயின. கல்லும் அதைப் பற்றிய எழுத்து முழுவதும் ஒரே இடத்தில் மட்டும் இருக்கக்கூடாது. பதிவேட்டின் நகலும் ஒவ்வொரு கல்லின் படமும் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.

எங்கள் கல்லூரியில் பதிவேடு தற்செயலாக வேறு அறையில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் பொறுமையாக எழுதியிருந்தார். "பைரைட், அம்ஜோர், பீகார். கைப்பிடி அளவு, ஒரு மூலை உடைந்தது, கறுப்பு ஷேல் ஒட்டியுள்ளது." அந்த வர்ணனையை வைத்துக்கொண்டு உதிர்ந்த கட்டிகளைத் தரையில் பரப்பி, மூன்று நாள் உட்கார்ந்து பொருத்தினோம். ஒன்பது கற்களுக்கு மறுபடி ஊர் கிடைத்தது.