வன உரிமை கோரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் முகவுரை என்று ஒன்று இருக்கிறது. மனு எழுத உட்காரும் ஒவ்வொருவரும் முதலில் அதைப் படிக்க வேண்டும். காடுகளை அரசு தன் பெயரில் எழுதிக்கொண்டபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உரிமைகள் முறையாகப் பதிவாகவில்லை; அது அவர்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதி என்று நாடாளுமன்றமே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு நாடு தன் பழங்குடி மக்களிடம் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது சிறிய காரியமல்ல.

ஆனால் அதே சட்டம் மலைக் குடியிருப்புக்கு வந்து சேரும்போது, இலவச வீட்டுமனைப் பட்டா வழங்கும் திட்டங்களில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. கேட்பவர் கைகூப்பிக் கேட்கிறார். கொடுப்பவர் சலுகையாக நினைத்துக் கொடுக்கிறார். உண்மையில் இந்தச் சட்டம் புதிதாக எதையும் தானம் செய்யவில்லை. ஏற்கெனவே இருக்கும் உரிமையை அங்கீகரிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். இது புரியாமல் தொடங்குவதால்தான் மற்ற பல தவறுகளும் வரிசையாக வருகின்றன.

உதாரணமாக, மனுவை எங்கே கொடுப்பது? பலர் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். வேலையை விட்டு, பஸ் மாறிப் போய், ஒரு ரசீதுடன் திரும்புகிறார்கள். அந்த மனுவுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. கோரிக்கையைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் கிராம சபைக்கும் அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவுக்கும் மட்டுமே உண்டு. கிராம சபை தீர்மானம் போட்ட பிறகுதான் அது கோட்ட அளவிலான குழுவுக்குப் போகும். அதன்பின் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும்.

எந்தக் கிராம சபை என்பதிலும் கவனம் வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் ஊராட்சி முழுவதற்கும் கூட்டப்படும் கிராம சபையில் வன உரிமைத் தீர்மானத்தையும் பத்தோடு பதினொன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஊராட்சியின் பெரிய ஊர்கள் அடிவாரத்தில் இருக்கும்; பழங்குடிக் குடியிருப்பு மேலே எங்கோ இருக்கும். அந்தக் கூட்டத்தில் மலையிலிருந்து வந்தவர்கள் ஒரு மூலையில் நிற்பார்கள், அவர்களுடைய காட்டைப் பற்றி மற்றவர்கள் கை தூக்குவார்கள். சட்டம் கேட்பது குடியிருப்பு அளவிலான சபையை. வருவாய்க் கணக்கில் கிராமமாகப் பதிவாகாத பழைய குடியிருப்பும் இந்தச் சட்டத்தின்படி கிராமம்தான். பழங்குடி நலத்துறை அமைச்சகம் 2012 ஜூலையில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது. சபையின் உறுப்பினர்களில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் இந்தக் கணக்கு தவறினால் நல்ல மனுவும் மேலே போய்ப் படுத்துவிடும்.

தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி, அதாவது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி, எதுவும் இல்லை, ஆகவே இந்தச் சட்டம் இங்கே செல்லாது என்று சிலர் சொல்வதுண்டு. தவறு. அட்டவணைப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம் வேறு, வன உரிமைச் சட்டம் வேறு. இங்கே தாமதம் ஆனதற்குக் காரணம் வேறொன்று: சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு உத்தரவால் உரிமைச் சான்று வழங்குவது நின்றிருந்தது. உச்ச நீதிமன்றம் 2016இல் அந்தத் தடையை நீக்கியது. மற்ற மாநிலங்களைவிட எட்டு ஆண்டுகள் பின்தங்கிவிட்டோம் என்பதால் அவசரமாக மனு போடச் சொல்கிறார்கள். அவசரத்தில்தான் மனுவோடு வைக்க வேண்டிய சான்றுகள் விடுபடுகின்றன.

சான்று என்றாலே பத்திரம், வரி ரசீது, அபராத ரசீது என்று தேடுகிறோம். காட்டுக்குள் யார் யாருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள்? விதிகள் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கின்றன. மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவரின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அது சான்று. முன்னோரைப் புதைத்த இடம், குலதெய்வம் இருக்கும் பாறை, பழைய கிணறு, கைவிட்டுப் போன வீட்டின் அடித்தளம் எல்லாமே சான்று. இப்படி இரண்டு இருந்தால் போதும். செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று ஒரு மனுவைத் தள்ள முடியாது. அந்தப் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாக வரலாமே தவிர அவற்றுக்கு மாற்றாக வர முடியாது. நிலத்தைச் சரிபார்க்கும் நாளில் வனத்துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து, அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் வராமல் இருந்துவிட்டுப் பின்னர் ஆட்சேபித்தால் மனு மறு ஆய்வுக்குக் கிராம சபைக்கே திரும்பும். இரண்டாம் முறையும் வராவிட்டால் கள ஆய்வில் கிராம சபையின் முடிவே இறுதி.

பழங்குடியினர் பட்டியலில் இல்லாத, ஆனால் காட்டையே நம்பி வாழும் குடும்பங்களுக்கு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் என்ற நிபந்தனை உண்டு. அதே வயலை 75 ஆண்டுகள் உழுததாகக் காட்ட வேண்டும் என்று இதைப் புரிந்துகொண்டு பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவு காலம் காட்டில் வாழ்ந்ததையும் காட்டைச் சார்ந்திருந்ததையும்தான் காட்ட வேண்டும். நிலம் எந்த நாளுக்கு முன்பே கையில் இருந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒன்றே: 2005 டிசம்பர் 13.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, தனிநபர் நிலத்தோடு நின்றுவிடுவது. நாடு முழுவதும் தனிநபர் உரிமைச் சான்றுகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன. சமூக உரிமைச் சான்றுகளோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருக்கின்றன. ஒரு குடும்பத்துக்குச் சட்டம் தரும் உச்சவரம்பு 4 ஹெக்டேர். நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. ஆனால் தேன், நெல்லி, கடுக்காய், சீமார்ப்புல், கிழங்கு, மேய்ச்சல், நீர்நிலை, மீன் என்று வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வயலுக்கு வெளியே இருக்கிறது. அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது: தனிநபருக்கு ஏ, சமூக உரிமைக்கு பி, சமூக வன வளத்துக்கு சி. சி படிவம்தான் ஊரின் பாரம்பரிய எல்லைக்குள் இருக்கும் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. அதை யாரும் எடுத்துக்கூட நீட்டுவதில்லை.

இதன் பலனைப் பார்க்க மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்துக்குப் போகலாம். அங்கே மெண்டா லேகா என்ற கோண்டு இனக் கிராமம் 2009இல் சமூக வன வள உரிமை பெற்றது. மூங்கில் சிறு வன மகசூல்தான் என்று சட்டமே சொல்லியும், அதை வெட்டி விற்க விடாமல் இழுத்தடித்தார்கள். 2011இல் மூங்கிலை எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரமே கிராம சபையின் கைக்கு வந்தது. ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. டோங்கரியா கோண்டு மக்கள் அங்கே பேசியது தங்கள் வீட்டு நிலத்தைப் பற்றி மட்டுமல்ல, தங்கள் தெய்வமான மலையைப் பற்றியும்தான். தனிப்பட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைப் பேசியிருக்க முடியாது.

புலிகள் காப்பகம் என்றால் உரிமை கிடையாது என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. சட்டத்தின் வன நிலம் என்ற வரையறைக்குள் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும். சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் மக்கள் 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை பெற்றார்கள். முதலில் உரிமையை அங்கீகரிக்க வேண்டும். இடமாற்றம் என்ற பேச்சு அதன்பிறகு, அதுவும் கிராம சபையின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடுதான்.

வெளியிலிருந்து உதவப் போகும் நண்பர்களுக்கு ஒன்று. கூட்டத்துக்கு ஆள் வரவில்லை, கேட்டால் பேசுவதில்லை, இவர்களுக்கே அக்கறை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊர் சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். இந்த நினைவைச் சுமக்கும் மலைகளில், அதே வனத்துறை, வருவாய்த்துறை ஊழியர்களின் முன்னால் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறோம். ஒரே கூட்டத்தில் முடிக்கப் பார்க்காமல், பலமுறை போங்கள், மாலையில் போங்கள், பெண்களிடம் தனியாகப் பேசுங்கள்.

மனு நிராகரிக்கப்பட்டதாக வாய்மொழியாகச் சொன்னால் ஏற்றுக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். தகவல் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மேல் குழுவிடம் முறையிடலாம். 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உத்தரவிட்டது நினைவிருக்கும். அது பல லட்சம் குடும்பங்களைக் கலங்கடித்தது. அதே மாதம் 28இல் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இரு வாரங்களில் பலருக்குத் தாங்கள் எதற்காக நிராகரிக்கப்பட்டோம் என்றே தெரிந்திருக்கவில்லை. சரிபார்ப்பும் அங்கீகாரமும் முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் தமிழ் நகல் ஒன்று ஒவ்வொரு வன உரிமைக் குழுவிடமும் இருக்கட்டும்.

உரிமைச் சான்று கைக்கு வந்ததும் இரண்டு விஷயங்களை அங்கேயே பாருங்கள். கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா? அளவும் எல்லையும் கிராம சபைத் தீர்மானத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா? குறைத்திருந்தால் அதுவும் ஒரு நிராகரிப்புத்தான், அதற்கும் முறையீடு உண்டு. வருவாய்த்துறை, வனத்துறை இரண்டின் பதிவேடுகளிலும் அந்த உரிமை ஏறிவிட்டதா என்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.